குளிக்காமல் போன நாள்

2023ஆம் ஆண்டு சனவரி மாதம் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு வீராயி தோல் மருத்துவர் நிர்மலாதேவியை முதன்முதலாகச் சந்தித்தாள். அந்தச் சந்திப்பில் காட்டுவதற்கு அவளிடம் ஒன்றுமே இல்லை.

மருத்துவர் அவளுடைய இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சன்னல் பக்கம் அழைத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். கழுத்தையும் முதுகையும் பார்த்தார். தேய்த்துக் கழுவிய தோல் பளிச்சென்று இருந்தது.

"இதுல ஒண்ணும் இல்லையேம்மா."

"இருந்துச்சு டாக்டரம்மா. நேத்து இந்நேரம் கை ரெண்டும் அதிரசம் மாதிரி உப்பிக் கெடந்துச்சு. அரிப்புன்னா அப்படி ஒரு அரிப்பு."

"இப்ப எங்க போச்சு?"

வீராயிக்கு முகம் சுண்டிவிட்டது. பொய் சொல்லிப் பிடிபட்டவளைப் போல முந்தானையைத் திருகினாள்.

"என்ன வேலை செய்றீங்க?"

"சும்மா... யாபாரம்."

என்ன வியாபாரம் என்று மருத்துவர் துருவவில்லை. வெளியே வரிசை வாசலைத் தாண்டி நின்றது. "தடிப்பு வரும்போது போன்ல ஒரு படம் எடுத்து வையுங்க. இல்லன்னா, இருக்கும்போதே ஓடி வாங்க. கண்ணால பாத்தாத்தான் இன்னதுன்னு சொல்ல முடியும்" என்று சொல்லி, அரிப்புக்குச் சில மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார். அவர்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. கண்ணில் படாத ஒன்றுக்கு யார்தான் பெயர் வைக்க முடியும்?

பிழை, வீராயி குளித்துவிட்டு வந்ததில் இருந்தது.

வீராயியின் ஊரான கடலோரக் கனகசெட்டிக்குளத்தில் மீன் விற்கும் பெண்களிடையே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரி, பேங்க், பள்ளிக்கூடம், கலியாண வீடு ஆகிய நான்குக்கும் மீன் வாசனையோடு போகக்கூடாது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வதை வாழ்நாளெல்லாம் பார்த்தவர்கள் அவர்கள். ஆகையால், உடம்புக்கு எவ்வளவு முடியாவிட்டாலும் முதலில் வெந்நீர் போடுவார்கள். சீயக்காயும் எலுமிச்சைத் தோலும் தேய்ப்பார்கள். நகக்கண்ணில் ஒட்டிய செதிலைக் குச்சியால் நோண்டி எடுப்பார்கள். பெட்டியில் மடித்து வைத்த சேலையை உடுத்தி, கழுத்தில் பவுடரைக் கொட்டிக்கொண்டு, தலையில் பூவும் வைத்துக்கொண்டுதான் மருத்துவர் முன்னால் போய் உட்காருவார்கள். வீராயியும் அப்படித்தான் போனாள். அவள் மேனியில் எழுந்த தடிப்போ, வெந்நீர் பட்டுச் சற்று நேரத்தில் சுவடில்லாமல் அடங்கிவிடும் இனம். நோயைக் கழுவிவிட்டு, தொழிலையும் மறைத்துவிட்டு, இரண்டுக்கும் சேர்த்து அவள் மருந்து கேட்டாள்.

வீராயிக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. பத்தொன்பதில் பஞ்சநாதனுக்கு வாழ்க்கைப்பட்டவள். தொடக்கத்தில் சில ஆண்டுகள் தலைச்சுமையாக உப்பளம் பகுதித் தெருக்களில் நெத்திலியும் கவளையும் விற்றாள். பிறகு பெரிய மார்க்கெட்டின் மீன் வரிசையில், ஒரு தூணின் அடியில், ஓர் ஆள் சம்மணமிட்டு உட்காரும் அகலத்துக்கு இடம் பிடித்தாள். பிடித்தாள் என்பதே சரியான சொல். அங்கே இடத்துக்குப் பட்டா கிடையாது, உட்காருவதுதான் பட்டா. தொடர்ந்து நாலைந்து நாள் வராமற்போனால் பக்கத்துக் கூடை மெல்ல நகர்ந்து வந்து படுத்துக்கொள்ளும். தூணடியில் அவள் முதன்முதல் உட்கார்ந்த அன்று, எழுந்து போகச் சொன்னவர்கள் பலர். "தூக்கிப் போடு, போறேன்" என்று சொல்லிக் காலை நீட்டிக்கொண்டாள். யாரும் தூக்கவில்லை. கொரோனாவுக்காக மூடிய மார்க்கெட் மறுபடி திறந்தபோதும் முதல் ஆளாக வந்து தன் இடத்தில் சப்பென்று உட்கார்ந்தவள் அவள். அவளுக்கும் பக்கத்துக்காரி செல்வாம்பாளுக்கும் நடுவே எல்லை என்பது சிமெண்டுத் தரையில் ஓடிய ஒரு விரிசல்தான்.

அந்த விரிசலைத் தாண்டிச் செல்வாம்பாளின் கூடை வரத் தொடங்கியது, தடிப்பு வந்த பிறகு.

ஐப்பசி மழை முடிந்த கையோடு தடிப்பு தொடங்கியது. மீனை அடுக்கி முடித்து, விற்பனைக்கு உட்கார்ந்து, கையைத் துடைத்த சிறிது நேரத்தில் விரல்கள் தடிக்கும். பிறகு மணிக்கட்டு. முழங்கை வரையிலும் சிவந்த திட்டுகள் எழுந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். மார்கழி விடியலில் ஷேர் ஆட்டோவின் ஓரத்தில் உட்கார்ந்து வந்தால் கன்னமும் காதும்கூட வீங்கின. வீட்டில் காணாக்கடி என்றார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ பூச்சி கடித்த கடி. காலாப்பட்டில் ஒருவர் வேப்பிலை அடித்து மந்திரித்தார். மருந்துக்கடைக்காரர் ஒரு டியூப் கொடுத்தார். பஞ்சநாதன் தன் பங்குக்கு, எல்லாம் மீன் தின்பதால் வருவது என்று தீர்ப்புச் சொன்னான். அவன் பேச்சைக் கேட்டு இறாலையும் நண்டையும் விட்டாள், கடைசியில் கவளையையும் விட்டாள். ரசமும் அப்பளமுமாகத் தின்று உடம்பு இளைத்ததுதான் மிச்சம்.

"கொஞ்ச நாளைக்கு வீட்டுல கெட" என்றான் பஞ்சநாதன்.

"நான் வீட்டுல கெடந்தா மீனு தானா நடந்து போயி வித்துட்டு வருமா?"

"கேக்கறவங்க என்னா நோவுன்னு கேக்கறாங்கடி."

"அதத்தான் நானும் கேட்டுக்கினு திரியறேன்."

மருத்துவர் சொன்னபடி, தடிப்பு இருக்கும்போதே ஓடுவதற்கும் முயன்றாள். ஆனால் மீன் சேலையோடு அந்த வாசலுக்குள் காலெடுத்து வைக்கக் கூச்சம் விடவில்லை. வழியில் வைத்திக்குப்பத்தில் உறவுக்காரி வீட்டில் நுழைந்து, அவசரமாக வெந்நீர் ஊற்றிக்கொண்டு, இரவல் சேலையில் போய் வரிசையில் நின்றாள். முறை வருவதற்குள் கை வெறுங்கையாகிவிட்டது. இன்னொரு நாளும் அதே கதைதான். அன்று நிர்மலாதேவி அவளைக் கண்டதும், "இன்னைக்கும் காணோமா?" என்று சிரித்துவிட்டார். கேலி அதில் இல்லை என்று வீராயிக்குத் தெரிந்தது. தெரிந்தும் உறைத்தது.

படம் எடுக்க அவளிடம் இருந்தது பொத்தான் போன். செல்வாம்பாளிடம் பெரிய போன் இருந்தது. ஒருநாள் கேட்டும் பார்த்தாள்.

"ஒரே ஒரு படம் புடி செல்வாம்பா."

"அய்யோ, வேணாம்மா. என் போனுக்கு ஒட்டிக்கிச்சுன்னா?"

வரிசை முழுவதும் சிரித்தது. வீராயியும் சிரித்து வைத்தாள். ஆனால் அந்தச் சொல் சிரிப்போடு போகவில்லை. வரிசையில் ஊறி, மீன் வாங்க வருபவர்கள் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, சொல்தா வீட்டம்மா வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவரின் மனைவி. பல ஆண்டுகளாக வீராயியிடம் மட்டுமே வஞ்சிரம் வாங்குபவர். வீராயி துண்டு போட்ட மீனைப் பையில் போட நீட்டியபோது அவர் கண் அவள் விரல்களில் விழுந்தது. நீட்டிய பையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பர்தோன், மன்னிச்சுக்கோ... இன்னைக்கு வேணாம் வீராயி. இவங்ககிட்டப் பாத்துக்கறேன்."

செல்வாம்பாள் வாயெல்லாம் பல்லாக, "வாங்கம்மா, நம்மகிட்ட எல்லாம் சுத்தமா இருக்கும்" என்றாள். அவளுடைய கூடையின் விளிம்பு விரிசலைத் தாண்டி ஒரு சாண் உள்ளே வந்திருந்தது.

வீராயி எழுந்தாள். கூடையைக் காலால் எத்தி விரிசலுக்கு அப்பால் தள்ளினாள்.

"சுத்தமா இருக்கறவ சொந்த எடத்துல இருடி."

"கையப் பாருடி மொதல்ல! தொழிலுக்கு வர்ற கையா அது? ஊருக்கே வெதச்சிட்டுப் போவ."

"ஒட்டுற நோவுன்னு ஒனக்கு எவன் சொன்னான்?"

"ஒட்டாதுன்னு எவன் சொன்னான்? டாக்டரே பேரு சொல்லாத நோவுடி ஒன்னோடது!"

வரிசையின் தலைமாட்டில் சின்னப்பாப்பா உட்கார்ந்திருந்தாள். மார்க்கெட்டில் யாருக்கு எந்த இடம் என்ற வழக்குகளில் அவள் வாயிலிருந்து வருவதே முடிவு. வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவள் பேசினாள்.

"ரெண்டு பேரும் கத்தாதீங்க. இந்தா வீராயி, யாபாரம் எல்லாருக்கும் கெடுது. அந்த நோவுக்கு ஒரு பேரு கொண்டா. ஒட்டுமா ஒட்டாதான்னு டாக்டரு வாயால தெரிஞ்சாவணும். மாசி மகத்துக்குள்ள தெரியலன்னா தூணடிய விட்டுக் குடு. சொகமானப்புறம் பாக்கலாம்."

சுகமான பிறகு பார்க்கலாம் என்பதன் பொருள் அங்கே எல்லோருக்கும் தெரியும். விட்டுக்கொடுத்த இடம் திரும்பி வந்த சரித்திரம் அந்த வரிசையில் இல்லை. செல்வாம்பாளுக்கு வெற்றியின் ருசி நாக்கில் ஏறிவிட்டது.

"அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், எல்லாரும் கேட்டுக்குங்க! அது ஒட்டாத நோவுன்னு எந்த டாக்டராவது சொல்லட்டும். இவ தூக்குவாளியிலேர்ந்து, இவ கை வச்ச சோத்த, இதே கையால அள்ளித் தின்றேன். இந்த மார்க்கெட்டே பாக்கட்டும்!"

"தின்னுவியா?"

"தின்றேன்டி!"

வீராயி ஐஸ் போட்டு மீன் அடைத்திருந்த தெர்மாகோல் பெட்டியை மூடி, சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். விட்டுவிட்டுப் போனால் செல்வாம்பாள் கையில் மீன் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும்.

"எங்கடி போற?" என்றாள் சின்னப்பாப்பா.

"பேரு வாங்கியாரப் போறேன்."

"இப்படியேவா? குளிச்சிட்டாவது போடி."

"குளிச்சுக் குளிச்சுத்தான் கெட்டேன்."

அந்தச் சொல் அவள் வாயிலிருந்து ஆத்திரத்தில் வந்தது. அது எவ்வளவு சரி என்பதை அவளே அப்போது அறியவில்லை.

சேலையில் ஐஸ் தண்ணீர் சொட்ட, முழங்கை வரை செதிலோடு, பெரிய மார்க்கெட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தாள். ஆட்டோக்காரர் ஒருவர் நிறுத்திப் பார்த்து, பெட்டியைக் கண்டதும் நகர்ந்துவிட்டார். வாசலில் இருந்த காவலர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"ஏம்மா, மார்க்கெட்டு அந்தப் பக்கம்."

"தெரியும். அங்கேர்ந்துதான் வர்றேன்."

"மீன உள்ள கொண்டு போவக்கூடாது."

"சாமி, மீன வெளிய வச்சா நாய் தின்னும். நீங்க காவலுக்கு நிக்கறீங்களா? நின்னா வச்சிட்டுப் போறேன்."

காவலர் பெட்டியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். நாய்களிடமிருந்து மீனைக் காப்பது தம் வேலையில் சேருமா என்ற கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை போலும், கையை எடுத்துக்கொண்டார்.

உள்ளே வரிசை நீண்டிருந்தது. வீராயி உட்கார்ந்ததும் அந்த விசுப்பலகையில் இடம் தானாக உண்டாயிற்று. எதிரே கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்த ஒருவர் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு வர்றப்ப குளிச்சிட்டு வரக்கூடாதா?"

"குளிச்சிட்டு வந்தா நோவு ஓடிப்போயிடுது. நோவு இல்லாம வந்தா டாக்டரம்மா என்னாத்தப் பாப்பாங்க?"

"நாத்தம் தாங்கலம்மா."

"நாத்தம் என்னுது. சீட்டும் என்னுது. ஒங்க மூக்கு ஒங்களுது, பொத்திக்குங்க."

யாரோ சிரித்தார்கள். கைக்குட்டைக்காரர் திரும்பிக்கொண்டார். ஆனால் வீராயியின் கண் தன் கையிலேயே இருந்தது. மார்க்கெட்டில் எழுந்த தடிப்பு கண்ணெதிரே வடிந்துகொண்டிருந்தது. விரல்கள் மெலிந்தன, மணிக்கட்டின் சிவப்பு மங்கியது. முறை வருவதற்குள் மறுபடி வெறுங்கையாகப் போய் உட்கார வேண்டியதுதான். அந்த நினைப்பைத் தாங்க முடியாமல், கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்பதற்காகப் பெட்டியைத் திறந்தாள். வெயிலில் வந்ததில் ஐஸ் இளகி, சங்கரா மீன்கள் மேலே தெரிந்தன. அடியிலிருந்த ஐஸை இரு கையாலும் அள்ளி அள்ளி மீன்மேல் மூடினாள். மீனாவது பிழைக்கட்டும் என்று முழங்கை வரை விட்டுக் கிளறினாள்.

மூடியைச் சாத்தி, கையைத் துடைத்து, பெயர் கூப்பிட்டதும் பெட்டியோடு உள்ளே போய் உட்கார்ந்தபோது அரிப்பு பிடுங்கியது. குனிந்து பார்த்தாள். முழங்கைக்குக் கீழே இரண்டு கைகளும் கையுறை மாட்டியதுபோல் சிவந்து தடித்திருந்தன. தடிப்பு முடிந்த இடத்தில் கோடு கிழித்தாற்போல் ஓர் எல்லை.

நிர்மலாதேவி எழுந்தே வந்துவிட்டார்.

"இதுதானா! இதுதானாம்மா?"

"இதேதான் டாக்டரம்மா! இதேதான்!" வீராயி இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். நோய் வந்ததற்காக இப்படி மகிழ்ந்த ஒருத்தியை அந்த அறை அதற்கு முன் பார்த்திருக்காது.

மருத்துவர் தடிப்பின் எல்லைக்கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "இப்ப எதத் தொட்டீங்க? இந்தக் கோடு வரைக்கும் கைய எதுக்குள்ள விட்டீங்க?"

"மீனு கெடாம இருக்க ஐஸ அள்ளிப் போட்டேன்."

"நீங்க மீன் விக்கறவங்களா? யாபாரம்னுதானே சொன்னீங்க?"

"மீன்காரிதான். சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

நிர்மலாதேவி கடிந்துகொள்ளவில்லை. "கூல்டிரிங்ஸ், ஐஸ் போட்டது எதுனா குடிச்சா என்ன ஆவும்?"

"சர்பத்து குடிச்சன்னைக்கு ஒதடு இந்தா தண்டி ஆயிடுச்சு. மார்கழிக் காத்துல கன்னம் உப்பும். ஐஸ இருபது வருசமாத் தொடறேனே டாக்டரம்மா, ஐஸ் ஒண்ணும் பண்ணாதுன்னு இருந்துட்டேன்."

"இருபது வருசம் சும்மா இருந்துட்டு ஒருநாள் உடம்பு ஏத்துக்க மாட்டேங்கும். அது உண்டு. வாங்க, பாத்துடலாம். பெட்டியிலேர்ந்து ஒரு ஐஸ் எடுங்க."

"சங்கரா வாடை அடிக்குமே."

"அடிக்கட்டும்."

ஐஸ் துண்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தடிப்பில்லாத முழங்கைக்கு மேற்பகுதியில் வைத்துக் காத்திருந்தார். பிறகு எடுத்துவிட்டுத் துடைத்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. தோல் சூடேற ஏற, ஐஸ் இருந்த அதே வடிவத்தில், பணியாரம்போல் ஒரு தடிப்பு எழுந்து நின்றது.

"இது பேரு கோல்டு அர்டிகேரியா. குளிர்ச்சி ஒங்க தோலுக்கு ஒத்துக்கல. குளிர்ச்சியில இருந்து எடுத்தப்புறம்தான் வெளிய வரும், அதனாலதான் ஒங்களுக்குப் புரியாமப் போச்சு."

"ஒட்டுமா?"

"ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, கூட உக்காந்து சாப்பிட்டாலும் ஒட்டாது."

வீராயி கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு வேண்டியிருந்த மருந்து பாதி அதிலேயே கிடைத்துவிட்டது. மீதியை மருத்துவர் சொன்னார். தினமும் மாத்திரை. சில இரத்தச் சோதனைகள். வெறுங்கையால் ஐஸைத் தொடவே கூடாது. மூச்சு முட்டினாலோ, தலை சுற்றினாலோ, தொண்டை அடைத்தாலோ அந்த நிமிடமே வந்துவிட வேண்டும்.

"மாசி மகம் வருது. கடல்ல முழுகுவீங்களா?"

"முழுகாம?"

"இந்த வருசம் வேணாம். ஒடம்பு முழுக்க ஒரேயடியாக் குளிர்ச்சி பட்டா மயக்கம் வந்து தண்ணிக்குள்ளயே விழுந்துடலாம். உயிருக்கு ஆபத்து. முடிஞ்சா இந்த வேலையையே மாத்திக்கறது நல்லது."

"டாக்டரம்மா, கடல்ல முழுக வேணாம்னா முழுகல. சர்பத்த விட்டுடறேன். மாத்திரையச் சாவுற வரைக்கும் தின்னச் சொன்னாலும் தின்றேன். எடத்த மட்டும் விடமாட்டேன். அதுக்குத் தோதா எதுனா வழி சொல்லுங்க."

நிர்மலாதேவி வழி சொன்னார்: உள்ளே துணி வைத்த, முழங்கை வரை நீளும் தடித்த ரப்பர் கையுறை, ஐஸ் அள்ளப் பிடி நீண்ட கரண்டி, விடியலில் காதை மூட ஒரு துண்டு. வீராயி பெயரை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வெளியே வந்தாள். மார்க்கெட்டுக்குள் நுழையும்போது அது அட்டிகேரியா என்று ஆகியிருந்தது.

செல்வாம்பாளின் கூடை மறுபடி விரிசலைத் தாண்டியிருந்தது. வீராயி பெட்டியை அதன்மேலேயே இறக்கினாள்.

"சின்னப்பாப்பாக்கா! பேரு கொண்டாந்துட்டேன். கோல்டு அட்டிகேரியா. ஒட்டாதுன்னு டாக்டரம்மா அவங்க வாயால சொன்னாங்க. வேணும்னா நீயே வந்து கேளு, கூட்டிக்கினு போறேன்."

"பேருன்னு நீ எதையோ சொல்லுவ, நாங்க நம்பணுமா?" என்றாள் செல்வாம்பாள்.

"நம்பாத. பாரு."

வீராயி சிறு ஐஸ் சில்லு ஒன்றை எடுத்து, தடிப்பு அடங்கியிருந்த தன் முன்கையில் வைத்து அழுத்தினாள். இன்னொன்றைச் செல்வாம்பாளின் கையைப் பிடித்து அதில் வைத்தாள். செல்வாம்பாள் உதறப் பார்த்தாள். மீன் வெட்டிப் பழகிய பிடி விடவில்லை. வரிசையே எழுந்து வந்து சூழ்ந்துகொண்டது. இரண்டையும் துடைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். செல்வாம்பாளின் கையில் ஈரம் மட்டும் இருந்தது. வீராயியின் கையில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சில்லின் அளவுக்குச் சிவந்து ஒரு தடிப்பு எழுந்தது.

"இது எனக்கும் ஐஸுக்கும் சண்டை. நடுவுல ஒங்களுக்கு யாருக்கும் வேலை இல்ல. நான் புடிச்ச கை இந்தா இருக்கு, ஒட்டிக்கிச்சா பாரு!"

சின்னப்பாப்பா இருவர் கைகளையும் தூக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கையுறை, கரண்டி விவரமெல்லாம் கேட்டாள். பிறகு விரிசலைக் காட்டி, "செல்வாம்பா, கூடைய நவுத்து" என்றாள். கூடை நகர்ந்தது.

வழக்கு அத்தோடு முடிந்தது, பந்தயம் முடியவில்லை. "சோறு எப்ப?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. உடனே பலர் கூடிக்கொண்டார்கள். "தின்னு தின்னு!" என்று கை தட்டினார்கள். செல்வாம்பாள் முகத்தில் ஈயாடவில்லை. சொன்ன சொல் ஊர் பார்க்கச் சொன்ன சொல். அவள் கண் தூக்குவாளியைத் தேடுவதை வீராயி பார்த்தாள்.

வீராயியின் தூக்குவாளி தூணுக்குப் பின்னால், ரசஞ்சோற்றோடு அப்படியே இருந்தது.

"இன்னைக்கு நான் சோறு கொண்டாரல" என்றாள் வீராயி. "அப்புறம் பாக்கலாம்."

அந்த ஆண்டு மாசி மகத்தில் அவள் கடலில் முழுகவில்லை. கரையில் நின்று, வெந்நீர் கலந்த சொம்பு நீரைத் தலையில் தெளித்துக்கொண்டாள்; பார்த்துச் சிரித்தவர்களைத் திரும்பி முறைத்தாள். மஞ்சள் நிற ரப்பர் கையுறையோடு மீன் விற்பவளை முதலில் வேடிக்கை பார்த்த வாடிக்கையாளர்கள், பிறகு அதைப் பார்த்தே அவளைத் தேடி வந்தார்கள். சொல்தா வீட்டம்மா திரும்பி வந்தபோது நல்ல வஞ்சிரமாகப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, வழக்கமாகப் போடும் கொசுறை மட்டும் போடவில்லை. மாத்திரையில் தடிப்பு பெரும்பாலும் அடங்கியது. அடங்காத நாட்களில் கையை மறைக்காமல் நீட்டி வைத்துக்கொண்டாள். வரிசையில் யாருக்காவது தோலில் ஏதாவது தெரிந்தால் அவளே பிடரியைப் பிடித்துத் தள்ளுவாள்: "குளிக்காமப் போடி. என்ன வேலைன்னு கேட்டா மீன்காரின்னு சொல்லு."

பஞ்சநாதன் ஒருநாள் கேட்டான். "அந்தச் செல்வாம்பா ஒனக்கு ஒரு வாய்ச் சோறு பாக்கி. ஏன்டி இன்னும் கேக்காம இருக்க?"

"தின்னுட்டான்னா தீந்துடும். அப்புறம் அவ கூடை மறுபடி என் பக்கம் நவுரும்."

நண்பகலில், வியாபாரம் ஓய்ந்த நேரத்தில், வீராயி கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுத் தூக்குவாளியைத் திறப்பாள். மீன் குழம்பின் மணம் விரிசலைத் தாண்டிப் போகும். செல்வாம்பாள் தன் கூடையை அரை விரல் உள்ளுக்கு இழுத்து வைத்துக்கொண்டு, வேறு பக்கம் பார்ப்பாள். வீராயி சோற்றைப் பிசைந்து, முதல் கவளத்தைக் கையில் எடுத்து, அவளை ஒருமுறை நிதானமாகப் பார்ப்பாள். பிறகு தானே தின்பாள்.